துருவுக்கும் ஊர் உண்டு

பழைய கார் ஒன்றைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, அதன் துருவையும் நெளிவையும் சேர்த்தே செய்துகாட்டுவது உலகெங்கும் தனிக்கலையாக வளர்ந்திருக்கிறது. அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: அப்படியே நிஜம் மாதிரி இருக்கிறது. அந்த வியப்பில் தவறில்லை, ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எந்த நிஜம், எந்த ஊர் நிஜம் என்று அடுத்த கேள்வியையும் கேட்டால்தான் இந்தக் கலையின் உயரமும் அதில் தேறாதவையும் தெரியவரும். துரு எங்கும் ஒரே விதமாகப் படிகிற அழுக்கு அன்று. தகடும் நீரும் காற்றும் வண்டியின் உழைப்பும் கூடி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அதை உண்டாக்குகின்றன. கடலோரச் சென்னையில் நின்ற காரின் துரு வேறு, கோவையின் வறண்ட வெயிலில் நின்ற காரின் துரு வேறு, ஊட்டி காந்தலில் பனியில் நனைந்து நின்ற காரின் துரு வேறு. துருப்பிடித்த காரின் சிற்றுரு மாதிரி ஒன்று உயர்ந்த படைப்பா என்பதை முடிவுசெய்ய ஓர் அளவுகோல் போதும்: அதிலுள்ள ஒவ்வொரு கறைக்கும் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் ஓர் ஊரைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

இதை நிறுவிப் பார்க்க அம்பாசிடரைவிடப் பொருத்தமான கார் நமக்கு இல்லை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் அதைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் முகப்புக் கிரில் மாறியது, விளக்குகள் மாறின, எஞ்சினும் மாறியது. உருண்ட கூரையும் புடைத்த மட்கார்டும் கொண்ட உருவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஊட்டி, குன்னூர் டாக்சி ஸ்டாண்டுகளில் பல பத்தாண்டுகள் வரிசைகட்டி நின்றது இந்தக் கார்தான். மாதிரி செய்பவரின் கண்ணுக்கு இதில் இரண்டு சிறப்புகள் உண்டு. வளைவுகள் மிகுந்த உடல் என்பதால் நீர் எங்கே வழியும், எங்கே தேங்கும் என்பதை வடிவமே தீர்மானித்துவிடுகிறது. அடுத்து, லாரிக்கு இருப்பதுபோல் முழு நீளச் சேஸிஸ் இதற்குக் கிடையாது, உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகட்டைத் துரு தின்றுவிட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை, உடலே மெல்லத் தொய்கிறது, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒவ்வாமல் போகிறது. அந்தத் தகட்டில் ஆழமான துருவைத் தீட்டிவிட்டுக் கதவுகளைப் புது வண்டிபோல் கச்சிதமாகப் பொருத்தியிருக்கும் மாதிரி, தூரிகைத் திறமையைக் காட்டலாம். ஆனால் அந்தக் காரை அது புரிந்துகொள்ளவில்லை.

காந்தல் என்ற இடத்தை எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் பிறகு குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது. உறைபனி விழும் இடங்களைச் செய்தித்தாள்கள் பட்டியலிடும்போது தலைக்குந்தாவோடு காந்தலின் பெயரும் தவறாமல் வரும். மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு தன் வெப்பத்தை வேகமாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. காரின் கூரை, பானெட், டிக்கி மூன்றின்மேலும்தான் பனி முதலில் படியும். செங்குத்தாக நிற்கும் கதவுகளில் அவ்வளவு படியாது. விடிந்ததும் அது உருகி வழியும், பிறகு மலையின் கூர்மையான வெயில் அதே பரப்பைக் காய்ச்சும். நனைவதும் உறைவதும் காய்வதுமாகக் குளிர்காலம் முழுக்க இது தொடர்வதால், காந்தலில் வெட்டவெளியில் நின்ற காரில் மேல்பரப்புப் பெயிண்ட்தான் முதலில் பளபளப்பை இழந்து வெளுத்து வெடிக்கும். பக்கங்களில் பெயிண்ட் உயிரோடு இருக்கும். மரத்தடியில் நின்ற காருக்குக் கதையே வேறு. மரக்கிளை பனியைத் தடுத்துவிடும், ஆனால் இலையை உதிர்க்கும். 1840களில் நீலகிரிக்கு வந்து மலையெங்கும் பரவிய யூகலிப்டஸின் இலைகள் கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரத்திலும் பானெட்டின் ஓரப் பள்ளங்களிலும் சேர்ந்து மட்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருங்கறை உண்டாகும். அதனால் இலை தங்கிய இடத்தில் ஆரஞ்சு நிறத்தைவிடக் கருமையே முன்நிற்கும்.

கடற்கரைத் துருவோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். கடல் காற்றிலுள்ள உப்பு, தகட்டின் மேலிருக்கும் ஈரத்தை மின்சாரம் நன்றாகக் கடத்தும் கரைசலாக மாற்றுகிறது. அதனால் அங்கே துரு வேகமாகவும் பரவலாகவும் பற்றும், பெயிண்டில் சிறு கீறல் விழுந்தாலே போதும். மலையில் அந்த உப்பு இல்லை, குளிரும் வேதிவினையை மந்தப்படுத்தும். ஆனால் தகடு ஈரமாக இருக்கும் நேரம் நீளம். எனவே மலைத்துரு வெளிப்பரப்பெங்கும் பாய்வதைவிட ஈரம் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடி உள்ளிருந்து வேலை செய்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் அடியிலும், வடிதுளை அடைபட்ட கதவின் அடிவயிற்றிலும், சக்கரம் வாரியடித்த செம்மண் அப்பிக்கிடக்கும் மட்கார்டின் உட்புறத்திலும் அது தொடங்கும். மண்ணுக்கும் பெயிண்ட் விளிம்புக்கும் அடியில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடம்தான் அதிகமாக அரிபடும் என்பது துருவின் இயல்பு. உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயிண்டை உள்ளிருந்து கொப்புளமாகத் தூக்கும். மேலே நிறம் நன்றாக இருக்க, கதவின் கீழ்விளிம்பில் மட்டும் கொப்புளம் வரிசையாகப் புடைத்து நிற்பதும், பீடிங் ஓரத்தில் பச்சைப்பாசி மெல்லிய கோடாகப் படர்ந்திருப்பதும் மலைக்காரின் அடையாளங்கள். இந்த அறிவோடு தீட்டப்பட்ட மாதிரியைப் பார்த்து, அது எங்கே நின்றிருந்தது, எந்தப் பக்கம் மரம் இருந்தது என்பதுவரை ஊகிக்கலாம்.

அறிந்தால் மட்டும் போதாது, அதைச் சுருக்கவும் வேண்டும். இந்தக் கலையின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது. கார் மாதிரி செய்பவர்கள் பெரிதும் விரும்பும் அளவு 1:24. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் அதில் 18 சென்டிமீட்டராகிவிடும். நீளத்தைச் சுருக்குவது எளிது. தடிமன்தான் சோதனை. ஒரு மில்லிமீட்டர் தகடு 1:24இல் 0.04 மில்லிமீட்டராக வேண்டும். மாதிரியின் பிளாஸ்டிக் உடலோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. அதில் அப்படியே ஓட்டை போட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது 24 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் விழுந்த ஓட்டையாகத் தெரியும். அப்படியொரு கார் உலகில் இல்லை. ஆகவே தேர்ந்த கைவினைஞர் துளை வரவேண்டிய இடத்தை உட்புறமிருந்து சுரண்டிச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குகிறார். அல்லது அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி, அதன் விளிம்பைக் கிழித்துவிடுகிறார். வெளியே தெரிவது நகக்கண் அளவுகூட இல்லாத ஓட்டை. அதன் நேர்மை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் செய்த வேலையில் இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, இரும்புத் தகட்டில் மாதிரி செய்து மழையில் வைத்துவிட்டால் இயற்கையே துருவைத் தந்துவிடாதா என்று கேட்கலாம். தராது. இயற்கை அளவு பார்த்துச் சுருங்குவதில்லை. நிஜத் துருவின் செதில் நிஜ அளவிலேயே வரும். 18 சென்டிமீட்டர் காரில் அது கைப்பிடியளவுப் பாறைகள் ஒட்டியதுபோல் தெரியும். நீர்த்துளியும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான துளி பரப்பிழுவிசையால் வழியாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும், எனவே சின்னக் காரில் தண்ணீர் தானாக ஓடிப் பெரிய காரின் கறையை உண்டாக்காது. ஒவ்வொரு கறைக்கோட்டையும் மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து, பாதி வழியில் மங்கவைத்து, புவியீர்ப்பை மனிதர்தான் வரைய வேண்டியிருக்கிறது. இயற்கை செய்ததை இயற்கையின் உதவியின்றி மீண்டும் செய்யும் இந்தக் கட்டாயம்தான் இதை வெறும் கைவேலையாக விட்டுவிடாமல் கலையாக்குகிறது என்பது என் துணிபு. காரணத்தை அறியாதவர் கறையை நகலெடுக்கலாம், ஆனால் புதிய இடத்தில் புதிய கறையை அவரால் சரியாக வைக்க முடியாது.

வண்ணம் பூசும் முறையில் இன்னோர் அழகு இருக்கிறது. நிஜக் காரில் பெயிண்ட் முதலில், துரு பிறகு. மாதிரியில் துரு முதலில். அடர்பழுப்பும் செம்மஞ்சளும் கலந்த துருநிறத்தை முழுவதும் பூசி, அதை வார்னிஷால் காப்பாற்றி, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் படரவிட்டு, கடைசியில்தான் காரின் நிறத்தை அடிக்கிறார்கள். பிறகு தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்க்கும்போது ஸ்ப்ரே கரைந்து, மேல்நிறம் செதிலாக உரிந்து, அடியிலிருக்கும் துரு வெளிப்படுகிறது. உப்புக்கற்களை ஒட்டவைத்து, மேலே நிறமடித்துவிட்டு உதிர்க்கும் முறையும் உண்டு. எதிர்காலத்தில் வரப்போகும் சிதைவை முன்கூட்டியே அடியில் புதைத்துவிட்டு, எங்கே எவ்வளவு வெளிவர வேண்டும் என்று பின்னால் முடிவுசெய்கிற வேலை இது. இந்த வேலைக்குப் பயன்படும் காவி, சியன்னா, அம்பர் போன்ற மண்நிறங்கள் எல்லாமே அடிப்படையில் இரும்பு ஆக்சைடுகள். சித்தன்னவாசல் ஓவியனின் காவியும் நீலகிரிச் செம்மண்ணின் சிவப்பும் காரின் துருவும் ஒரே வேதிக்குடும்பம். ஆகவே இந்தக் கலைஞர் துருவின் நிறத்தை எங்கிருந்தோ போலி செய்வதில்லை, துருவின் சொந்தப் பொருளாலேயே துருவை வரைகிறார்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, சிதைந்ததை ஏன் செய்ய வேண்டும், புத்தம்புதிதாக இருந்ததைச் செய்தால் ஆகாதா என்பது. நம் சிற்றுரு மரபு பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கிறது. தஞ்சாவூர் நெட்டி வேலையில் பெரிய கோயில் தூய வெண்மையாக, ஆயிரம் ஆண்டு மழையும் படாததுபோல் நிற்கும். கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும் பழைய வண்டிகளைப் புதுமெருகோடு காணலாம். அவை செய்யும் பணி பெரிது, ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கருதிச் செய்யப்பட்டதோ அதைக் காட்டுகின்றன. ஆனால் பொருளுக்கு இன்னொரு பாதி இருக்கிறது: அது என்னவாக ஆனது என்பது. புதுப்பித்த அம்பாசிடரில் உத்தர்பாரா தெரியும், ஊட்டி தெரியாது. கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி இறங்கிப் பிரேக் தூள் பழுப்பாகப் படிந்த சக்கரத்தட்டும், சரளைக்கல் பட்டுப் பெயிண்ட் போன அடிவிளிம்பும்தான் அந்தக் கார் இந்த மலையில் வாழ்ந்ததற்குச் சாட்சி. மெருகேற்றுபவர் அந்தச் சாட்சியத்தைத் துடைத்துவிட்டே தன் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அதைக் காப்பாற்றி வைக்க வேறொரு கலை வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது, மதிக்கத்தக்கதும்கூட. துருவை அழகென்று கொண்டாடுவது வசதியுள்ளவர்களின் ரசனை. காந்தல் போன்ற உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் கார் துருப்பிடித்தால் அது ஒரு குடும்பத்தின் வருமானம் அரிக்கப்படுவதல்லவா என்று கேட்கிறவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். வெளிநாட்டு மாதிரிகளைக் கண்மூடிப் பின்பற்றும் வேலைகளின்மேல் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். அமெரிக்கப் புல்வெளியில் ஓட்டுநர் விட்டுப்போய் முப்பது ஆண்டாகத் தனியே கிடக்கும் பிக்கப் லாரி, அந்த ஊரின் உண்மை. நிலம் மிகுந்த, பழைய இரும்புக்கு அலையத் தேவையில்லாத ஊரின் உண்மை. இங்கே கார் அப்படிக் கைவிடப்படுவது அரிது. டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கதவை அதன் நிறம்கூட மாற்றாமல் மாட்டி, முடிந்தவரை ஓட்டுவார்கள். முடியாதபோது காயலான் கடைக்குப் போய் பாகம் பாகமாக வேறு வண்டிகளில் வாழும். எனவே நம் ஊர்த் துருவை உண்மையாகச் செய்ய வேண்டுமானால் துருவோடு பழுதுபார்த்தலையும் செய்ய வேண்டும். பட்டி வெடித்த இடத்தில் தெரியும் மூன்று தலைமுறை நிறங்களையும், ஒட்டுத்தகட்டின் வெல்டிங் தழும்பையும், முன் மட்கார்டில் மட்டும் சற்றே மாறுபடும் வெள்ளையையும் காட்ட வேண்டும். அப்படிச் செய்த மாதிரி வறுமையை அலங்கரிப்பதில்லை, ஒரு வண்டியை விடாமல் உயிரோடு வைத்திருந்த கைகளுக்கு மரியாதை செய்கிறது. மறுப்பாளரின் கேள்விக்கு விடை, துருவைக் கைவிடுவதில் இல்லை, துருவை முழுமையாகப் பார்ப்பதில் இருக்கிறது.

மூன்றாவது, முப்பரிமாண அச்சும் உயர்தர ஒளிப்படமும் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கைப்பாடு தேவையா என்பது. இயந்திரம் உருவத்தைத் தரும், தாராளமாகப் பயன்படுத்தலாம். அம்பாசிடர் போன்ற, பெரிய மாதிரி நிறுவனங்கள் அதிகம் கண்டுகொள்ளாத கார்களுக்கு அது வரப்பிரசாதம். ஒளிப்படமும் ஒரு நொடியின் தோற்றத்தை முழுமையாகவே பதிக்கும். ஆனால் எதை விடுவது என்ற தீர்ப்பை இரண்டும் தராது. 1:24 மாதிரியை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது, நிஜக் காரை ஏழு மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் எத்தனை கீறல் தெரியும், நிறம் எவ்வளவு வெளிறும் என்று கணித்து, அறிந்ததில் பாதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார் நல்ல கலைஞர். வண்ணம் தீட்டும் இந்த உத்திகள் பலவும் ராணுவ டாங்கி மாதிரி செய்தவர்களிடம் வளர்ந்து கார்களுக்கு வந்தவை. போர்க்களத்தில் சில மாதங்களில் உருக்குலைந்த டாங்கிக்குரிய சேற்றையும் சிராய்ப்பையும் முப்பது ஆண்டு டாக்சி ஓடிய காரின்மேல் கொட்டினால் அது கூச்சலாகிவிடும். அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித், 1:24 கார்களையும் தான் செய்த சிறு கட்டடங்களையும் நிஜ மரங்கள், நிஜத் தெருக்களின் முன் வைத்துப் படமெடுத்து, எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரை உருவாக்கினார். அவருடைய வெற்றிக்குக் காரணம் நுணுக்கங்களைக் குவித்தது அன்று, ஓர் ஊரின் வெளிச்சத்தையும் காலத்தையும் விட்டு ஒரு பொருளும் விலகாமல் பார்த்துக்கொண்டதுதான்.

அம்பாசிடர்கள் சாலையிலிருந்து வேகமாக மறைந்துவருகின்றன. உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகும் விதி வந்தது. எஞ்சும் சில கார்களை ஆர்வலர்கள் வாங்கி மெருகேற்றி வைப்பார்கள், மற்றவை உருக்காலைக்குப் போகும். இரண்டு வழியிலும் அழிவது ஒன்றே: அந்தக் கார்கள் மலையில் உழைத்த காலத்தின் தடம். நம்மிடையே இந்தக் கலையில் இறங்குகிற இளைஞர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். அயல்நாட்டுப் படங்களிலிருந்து துருவைக் கற்பது பயிற்சிக்கு உதவட்டும், ஆனால் படைப்புக்கு உங்கள் தெருவில் நிற்கும் காரிடம் போங்கள். கூரையில் என்ன போயிற்று, கதவடியில் என்ன போயிற்று, யார் எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று அந்தப் பட்டறைக்காரர்களிடமே கேளுங்கள். பார்க்கிற நாமும் ‘நிஜம் மாதிரி இருக்கிறது’ என்று பாராட்டி நகர்ந்துவிடாமல், இந்தக் கறை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கப் பழகுவோம். அந்தக் கேள்விக்கு மாதிரியின் ஒவ்வொரு அங்குலமும் பதில் சொன்னால், அதைச் செய்தவர் ஒரு காரை மட்டும் அல்ல, தன் ஊரையும் அறிந்தவர். அவரைக் கலைஞர் என்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.